'லேட்டா வந்தா கேஸ் கிடையாது': தஞ்சம் கேட்பவரிடம் இந்தக் கணக்கு செல்லுமா?

தட்டாஞ்சாவடியில் எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரண்டிலும் இருப்பவர்கள் ஒரே குடும்பம், அண்ணன் தம்பி வழி வந்தவர்கள். ஒரு வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட், இன்னொரு வீட்டில் இந்திய பாஸ்போர்ட். சின்ன வயதில் இது எனக்குப் புரியவே புரியாது. கேட்டால், "அவங்க தாத்தா எழுதிக் குடுத்தாரு, எங்க தாத்தா குடுக்கல" என்பார்கள். அவ்வளவுதான் பதில்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது பழைய கதை. பிரான்ஸும் இந்தியாவும் 1956-ல் போட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்றிலிருந்து இந்தியர்கள். 'இல்லை, நான் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன்' என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலமாகச் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தில் கையெழுத்து போட்டவரின் பேரன் இன்று பாரிஸில் வேலை பார்க்கிறார். போடாதவரின் பேரன் இங்கே தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கிறார். இரண்டு பேருமே நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஒரு கெடு தேதி ஒரு வம்சத்தையே திசை மாற்றும் என்பதைப் புதுச்சேரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அன்று கெடுவைத் தவறவிட்ட தாத்தாவை யாரும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. அவர் தன் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார். தஞ்சம் கேட்டு வந்த ஒருவர் கெடுவைத் தவறவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதல்ல, சட்டம் என்ன சொல்லுது?

சொந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று இன்னொரு நாட்டிடம் பாதுகாப்பு கேட்பது தஞ்சம். அந்த ஆபத்து இருக்கும் இடத்துக்கே ஒருவரைத் திருப்பித் தள்ளக் கூடாது என்பது 'நான்-ரிஃபூல்மான்' கொள்கை. வாயில் நுழையாத இந்த வார்த்தை பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ரெஃபூலே' என்றால் பின்னுக்குத் தள்ளுவது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 33-வது பிரிவு இதைச் சொல்கிறது. 1984-ல் வந்த சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தின் 3-வது பிரிவு இன்னும் கறாராகச் சொல்கிறது: சித்திரவதை செய்யப்படுவார் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் அனுப்பவே கூடாது. அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே அங்கே கிடையாது.

இவ்வளவு கறாரான உரிமை. ஆனால் இதைக் கேட்டு வாங்கும் வழியில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கெடு இருக்கிறது. பிரான்ஸில் அகதிகள் அலுவலகம் மறுத்தால் தஞ்ச நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம். இலவச வக்கீல் வேண்டுமென்றால் முதல் 15 நாளுக்குள் கேட்டாக வேண்டும். பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் மேல்முறையீட்டுக்கு 14 நாள். ஆஸ்திரேலியாவில் நீதிமன்ற மறுஆய்வுக்கு 35 நாள்.

ஒரு மாதம் போதாதா என்று கேட்கலாம். நமக்குக் கிரெடிட் கார்டு பில் தவறுகிறது, வருமான வரித் தாக்கல் கடைசி நாளில்தான் ஞாபகம் வருகிறது. சொந்த ஊரில், சொந்த மொழியில், கையில் போன் இருந்தே இந்த லட்சணம். தெரியாத மொழியில் வந்த பத்துப் பக்கக் கடிதத்தை ஒரு கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நிலையில் இருப்பவரை யோசித்துப் பாருங்கள். கடிதம் போன விலாசத்திலிருந்து அவர் ஏற்கெனவே வீடு மாறியிருப்பார். தடுப்புக் காவலில் இருந்தால் வக்கீலுக்கு போன் போடவே ஆள் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. காவலில் தனக்கு நடந்ததை, அதுவும் பாலியல் கொடுமையை, முதல் விசாரணையிலேயே முன்பின் தெரியாத அதிகாரியிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் எத்தனை பேர் சொல்வார்கள்? அதுவும் அந்த மொழிபெயர்ப்பாளர் நம் ஊர்க்காரராக இருந்துவிட்டால்? பெரும்பாலும் அது ரொம்ப நாள் கழித்து ஒரு டாக்டரிடம்தான் வெளியே வரும். அதற்குள் கெடு முடிந்திருக்கும். "இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்று அரசு வக்கீல் கேட்பார். கேட்பது அவர் வேலை. ஆனால் லேட்டாகச் சொன்னதாலேயே அது பொய் ஆகிவிடாது.

அனுப்பிய பிறகு ஜெயித்த வழக்கு

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு உலகச் சட்டப் புத்தகங்களில் இருக்கும் பெரிய உதாரணங்களில் ஒன்று ஈழத் தமிழர்களுடையது. வில்வராஜா வழக்கு.

1987-ல் ஐந்து தமிழ் இளைஞர்கள் லண்டனில் தஞ்சம் கேட்டார்கள். பிரிட்டன் உள்துறை மறுத்தது. உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. டிசம்பர் 16 அன்று பிரபுக்கள் சபை அதைத் திருப்பிப் போட்டது. 1988 பிப்ரவரியில் ஐந்து பேரையும் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

அப்படியானால் அவர்களுக்கு மேல்முறையீடே இல்லையா? இருந்தது. ஆனால் அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி, நாட்டை விட்டுப் போன பிறகுதான் அதைச் செய்ய முடியும். அதாவது, 'உன்னை அனுப்பினால் ஆபத்தா என்று விசாரிப்போம், ஆனால் முதலில் நீ போ.' படிக்கும்போது ஜோக் மாதிரி இருக்கிறது. சட்டமே அப்படித்தான் இருந்தது.

இலங்கையிலிருந்தபடியே, லண்டன் வக்கீல்கள் வழியாக மேல்முறையீடு நடந்தது. 1989 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: அவர்களின் பயம் நியாயமானது, அவர்களைத் திரும்ப அழைத்து வர வேண்டும். 1989 அக்டோபர் 4 அன்று அவர்கள் மறுபடி பிரிட்டனில் இறங்கினார்கள். இடைப்பட்ட ஒன்றரை வருடம் அவர்கள் போர் நடக்கும் நாட்டில் இருந்தார்கள். அங்கே கைதும் அடி உதையும் நடந்ததாக அவர்களில் சிலர் சொன்னது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது.

இதில் ஒரு கசப்பான பாதியும் உண்டு. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1991 அக்டோபர் 30 அன்று, பிரிட்டன் சித்திரவதைத் தடையை மீறவில்லை என்றே அந்த நீதிமன்றம் சொன்னது. அனுப்பிய நேரத்தில் தெரிந்த தகவல்படி ஆபத்து ஒரு சாத்தியம் மட்டுமே, அதற்கு மேல் நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் வாதம். ஆக, ஒரு நீதிபதி அவர்களின் பயம் நிஜம் என்றார், இன்னொரு நீதிமன்றம் அனுப்பியது சட்டமீறல் இல்லை என்றது. இரண்டுமே தீர்ப்புதான். நல்ல வேளையாக ஐந்து பேரும் உயிரோடு இருந்தார்கள், அதனால் முதல் தீர்ப்புக்கு ஒரு பயன் இருந்தது. 1993-ல் பிரிட்டன் தன் சட்டத்தை மாற்றி, தஞ்சம் மறுக்கப்பட்டவர்கள் நாட்டுக்குள் இருந்தபடியே மேல்முறையீடு செய்யும் உரிமையைக் கொடுத்தது.

பிறகு அதே பிரிட்டன், தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு 'ஃபாஸ்ட் ட்ராக்' என்று ஒரு முறையைக் கொண்டு வந்தது. மேல்முறையீடு செய்ய இரண்டே வேலை நாள். 2015-ல் அந்த விதிகள் அடிப்படையிலேயே நியாயமற்றவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. கதவை மூடினால் ஜன்னல், ஜன்னலை மூடினால் கதவு என்று இது இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கெடுவைப் பற்றி நேரடியாகப் பேசிய தீர்ப்பு ஒன்று வேண்டுமென்றால், 2000-ல் வந்த ஜபாரி வழக்கு. ஈரானிலிருந்து துருக்கிக்குத் தப்பி வந்த பெண். கள்ளக்காதல் குற்றச்சாட்டில் கல்லால் அடித்துக் கொல்லப்படுவோம் என்ற பயம். துருக்கியின் விதிப்படி, வந்த ஐந்து நாளுக்குள் தஞ்சம் பதிவு செய்ய வேண்டும். அவர் செய்யவில்லை. மனுவைப் பிரித்துப் பார்க்காமலே தள்ளிவிட்டார்கள். இவ்வளவு குறுகிய கெடுவை இயந்திரம் போல அமல்படுத்துவது சித்திரவதைத் தடையோடு ஒத்துப்போகாது என்று அதே ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. கெடுவே கூடாது என்று அது சொல்லவில்லை. கெடு முடிந்துவிட்டது என்பதற்காக ஆபத்து இருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது என்றது. என் நிலைப்பாடும் இதுதான்.

நடுவானில் வந்த ஸ்டே

'எல்லா கோர்ட்டும் பார்த்தாச்சு, இன்னும் என்ன?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. நம் வயதுக்காரர்கள் பலர் செய்தியிலும் ஃபேஸ்புக்கிலும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் பிலோயீலா என்ற சின்ன ஊர், சுமார் 6,000 பேர். அங்கே ஒரு இலங்கைத் தமிழ்த் தம்பதி. கணவருக்கு ஊர் இறைச்சிக்கூடத்தில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவை.

2018 மார்ச் 5 விடியற்காலையில் அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். மனைவியின் தற்காலிக விசா அதற்கு முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. குடும்பத்தையே மெல்போர்ன் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வழக்குகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. 2019 மே மாதம் உச்ச நிலையில் இருக்கும் நீதிமன்றமும் கைவிரித்தது. அவர்கள் அகதிகள் இல்லை என்று எல்லா நீதிமன்றங்களும் சொல்லிவிட்டன என்று அன்றைய உள்துறை அமைச்சர் பீட்டர் டட்டன் திரும்பத் திரும்பச் சொன்னார். பெற்றோரின் வழக்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது தப்பில்லை.

ஆனால் இரண்டாவது குழந்தையின் கோரிக்கையை யாரும் பார்க்கவே இல்லை. அவளுக்கு அப்போது இரண்டு வயது. வக்கீல்கள் அந்தப் புள்ளியைப் பிடித்தார்கள். 2019 ஆகஸ்ட் 29 இரவு குடும்பத்தை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். விமானம் கிளம்பியும் விட்டது. மெல்போர்னில் ஒரு நீதிபதி போனிலேயே விசாரித்து ஸ்டே கொடுத்தார். விமானம் டார்வினில் இறங்கியது. இதை விட லேட்டாக ஒரு மனு போட முடியாது.

அடுத்து அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவில் வைத்தார்கள். 2020 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம், அந்தக் குழந்தையின் விஷயத்தில் நியாயமான நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் முழு அமர்வும் அதையே உறுதி செய்தது. அந்த வருடம் ஜூனில் குழந்தைக்கு உடம்புக்கு ரொம்ப முடியாமல் போய் பெர்த் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2022-ல் ஆட்சி மாறியது, ஜூனில் குடும்பம் பிலோயீலா திரும்பியது, ஆகஸ்ட்டில் நிரந்தர விசா கிடைத்தது.

கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது நீதிமன்றமா, அந்த ஊர்க்காரர்களின் போராட்டமா, தேர்தலா என்று நீங்கள் விவாதிக்கலாம். எனக்கு மூன்றும்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அன்று ராத்திரி அந்த போன் கால் இல்லையென்றால் மற்ற இரண்டுக்கும் வேலையே இருந்திருக்காது.

சரி, எதிர்த்தரப்பு சொல்றதும் நியாயம்தானே?

ஆமாம், அதில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. அதை மறைத்து எழுதுவது நேர்மையில்லை.

நம் சுப்ரீம் கோர்ட் 1987-ல் காஷ்மீர் நில வழக்கு ஒன்றில் தாமதத்தைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொன்னது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் சொல் என்று வறட்டுத்தனமாகக் கேட்கக் கூடாது, லேட்டாக வருவதால் வழக்கு போடுபவருக்கு ஒரு லாபமும் இல்லை என்றது. நில வழக்கில் இது சரி. நஷ்ட ஈடு லேட்டானால் நஷ்டம் மனுதாரருக்குத்தான். தஞ்ச வழக்கில் கணக்கு தலைகீழ். ஒவ்வொரு நாள் தாமதமும் அந்த நாட்டில் இன்னொரு நாள். அதனால்தான் அரசுகள் சந்தேகப்படுகின்றன: 'இவங்க லேட் ஆக்குறதே இங்க இருக்கத்தான்.' அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரே மனுவில் பெயரை மட்டும் மாற்றி, விமானம் ஏறும் நேரத்தில் தாக்கல் செய்யும் ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள். அவர்களால் அடிபடுவது நிஜமான ஆபத்தில் இருப்பவர்தான்.

பிரிட்டன் நீதிமன்றம் 2012-ல் ஹமீது வழக்கில் இதற்கு ஒரு வழி சொன்னது. கடைசி நிமிடத்தில் ஆதாரமே இல்லாத மனுவோடு வரும் வக்கீலைக் கூப்பிட்டு, 'ஏன் இப்படி?' என்று பகிரங்கமாக விளக்கம் கேட்போம் என்றது. எனக்கு இது சரியாகப் படுகிறது. தப்பு வக்கீலுடையது என்றால் தண்டனையும் வக்கீலுக்குப் போகட்டும். கட்சிக்காரரின் கழுத்துக்குப் போகக் கூடாது.

ஹாங்காங் விஷயமும் கவனிக்க வேண்டியது. அங்கே மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான், ஆனால் காரணம் சொன்னால் தாமத மனுவை ஏற்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. கால நீட்டிப்பு கேட்டால் நீதிமன்றம் நான்கு விஷயம் பார்க்கும்: எவ்வளவு தாமதம், ஏன் தாமதம், வழக்கில் ஏதாவது சாரம் இருக்கிறதா, எதிர்த்தரப்புக்கு என்ன பாதிப்பு. நடைமுறையில் பெரும்பாலான மனுக்கள் மூன்றாவது கேள்வியில் விழுந்துவிடும். விழட்டும். அந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்பதுதான் முக்கியம்.

அந்த ஊரில் இந்தச் சட்டமே வளர்ந்ததற்கு அடித்தளம் போட்டதும் ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கு. போலி கனடா பாஸ்போர்ட்டோடு பிடிபட்டவர் அவர். ஐ.நா. அகதிகள் முகமை முதலில் அவரை மறுத்தது. அந்த மறுப்பையே நம்பி அரசு நாடுகடத்தப் பார்த்தது. பிறகு அதே முகமை மறுபரிசீலனை செய்து அவரை அகதியாக ஏற்றுக்கொண்டது. 2004 ஜூனில் ஹாங்காங் உச்சமட்ட நீதிமன்றம், சித்திரவதை பயத்தை அரசே சொந்தமாக, உயர்ந்த நேர்மையோடு ஆராய வேண்டும் என்றது. சட்டம் படிப்பவர்களுக்கு இது பிரபாகர் வழக்கு. முதல் பதில் தப்பாக இருக்கலாம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. போலி பாஸ்போர்ட்டில் வந்தவர் என்பதும் உண்மை, அவர் அகதி என்பதும் உண்மை.

நம்ம ஊர்ல கெடுவே கிடையாது. சந்தோஷப்படாதீங்க

இந்தியாவில் தஞ்ச மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் கெடு? பூஜ்யம். ஏனென்றால் தஞ்ச மேல்முறையீடே கிடையாது. 1951 ஒப்பந்தத்தில் நாம் சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் 1997-ல் கையெழுத்து போட்டோம், இன்னும் உறுதி செய்யவில்லை. தஞ்சத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1946 வெளிநாட்டினர் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2025 செப்டம்பர் 1-ல் அமலான குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்திலும் 'அகதி' என்ற வகையே கிடையாது.

அதனால் இங்கே ஒவ்வொரு வழக்கும் பிறக்கும்போதே லேட். விண்ணப்பம் போட அலுவலகம் இல்லை, மறுப்புக் கடிதம் இல்லை, அதை எதிர்த்துப் போகத் தீர்ப்பாயம் இல்லை. அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு நேராக உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதுதான். கிடைப்பதும் அன்றைக்கு எந்த அமர்வு என்பதைப் பொறுத்தது. இரண்டு இராக்கியர்கள் வழக்கில், நான்-ரிஃபூல்மான் கொள்கை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்குள்ளேயே இருக்கிறது என்று குஜராத் உயர் நீதிமன்றம் 1990-களின் கடைசியில் சொன்னது. 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றம் மியான்மரிலிருந்து வந்த ஏழு பேர் பத்திரமாக டெல்லி போய் ஐ.நா. முகமையை அணுக வழி செய்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜம்முவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த ரோஹிங்கியாக்களை அனுப்புவதைத் தடுக்க சுப்ரீம் கோர்ட் மறுத்தது. உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக் கூடாது என்று மட்டும் சொன்னது.

எந்த நடைமுறை? அது எழுதப்பட்டிருந்தால்தானே பின்பற்றினார்களா என்று பார்க்க முடியும்!

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுக்கு வருவோம். 2015-ல் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று கைதான ஒரு இலங்கைத் தமிழர். உபா சட்டத்தில் பத்து வருடத் தண்டனை. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏழு வருடமாகக் குறைத்து, தண்டனை முடிந்ததும் இந்தியாவை விட்டுப் போக வேண்டும், போகும்வரை முகாமில் இருக்க வேண்டும் என்றது. தண்டனை முடிந்தும் கிட்டத்தட்ட மூன்று வருடம் அவர் அடைப்பிலேயே இருந்தார். 2025-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தார். மனைவி, பிள்ளைகள் இந்தியாவில் இருக்கிறார்கள், இலங்கை போனால் கைதும் சித்திரவதையும்தான் என்றார் அவருடைய வக்கீல். மே 19 அன்று மனு தள்ளுபடி. இந்தியா ஒன்றும் தர்மசாலை அல்ல, 140 கோடிப் பேரை வைத்துக்கொண்டு நாமே திண்டாடுகிறோம், வேறு நாட்டுக்குப் போங்கள் என்று அமர்வு சொன்னது எல்லா டிவியிலும் ஓடியது.

இந்த நாட்டில் குடியேறி வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான் என்று நீதிமன்றம் சொன்னது சட்டப்படி சரி. 19-வது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. அவர் தண்டனை பெற்றவர் என்பதும் சரி. ஆனால் அவர் தரப்பின் மையமான கேள்வி 19 பற்றியது அல்ல, 21 பற்றியது. உயிரும் உடலும். 'திருப்பி அனுப்பினால் இவருக்கு என்ன நடக்கும்?' என்ற கேள்வியை 2015-லிருந்து 2025 வரை எந்த அலுவலகமும் உட்கார்ந்து விசாரித்து, பதில் எழுதி, கையெழுத்து போட்டு அவர் கையில் கொடுக்கவில்லை. பத்து வருடம் கழித்து சில நிமிட விசாரணையில் அது தீர்ந்துவிட்டது. கோபம் வந்தால் மன்னியுங்கள், தாமதத்துக்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். நம் அரசுத் துறைகளே வருடக்கணக்கில் லேட்டாக மேல்முறையீடு செய்துவிட்டு, 'ஃபைல் மேசைக்கு மேசை நகர நேரமாகிவிட்டது' என்று மன்னிப்பு மனு போடுவது வாடிக்கை. 2012-ல் தபால் துறை வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதற்குக் கண்டிப்பு காட்ட வேண்டியிருந்தது. ஃபைலுக்கே இவ்வளவு கருணை கேட்கிறோம்.

அப்போ என்ன செய்யணும்?

பெரிய அகதிகள் சட்டம் வருமா, எப்போது வரும் என்று காத்திருக்காமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒருவரைத் திருப்பி அனுப்பும் முன் அவருக்குப் புரியும் மொழியில், தமிழரென்றால் தமிழில், எழுத்துமூலம் நோட்டீஸ். அதைப் பெற்ற நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம். காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர 1987 சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அந்த வக்கீல் சிறப்பு முகாமுக்குள் போய்ப் பார்க்க வழி. கெடு தவறினாலும், ஆபத்து பற்றி ஒரே ஒரு முறையாவது ஒரு நீதிபதி பார்த்து முடிக்கும்வரை விமானம் ஏற்றக் கூடாது. சாரம் இல்லையென்றால் அன்றே தள்ளுபடி செய்யட்டும், இரண்டு பக்கத்தில் காரணம் எழுதி. மூன்றாம் முறை, நான்காம் முறை அதே மனுவோடு வந்தால் கடுமை காட்டட்டும். இதற்கு எந்த ஒப்பந்தத்திலும் சேர வேண்டியதில்லை, ஒரு விதி போதும்.

இது யாருக்காக என்று கேட்டால், தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் ஏறத்தாழ 58,000 இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். வெளியே பதிவு செய்து வாழ்பவர்கள் தனி. தட்டாஞ்சாவடியிலிருந்து பைக்கில் ஈசிஆர் பிடித்தால் அரை மணி நேரம், விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் கீழ்புத்துப்பட்டு முகாம். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் நம் வயதுக்காரர்கள், நம்மோடு காலேஜ் படித்தவர்கள்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மேல், பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனைப் பிரிவுகள் பாயாது. நல்லது, வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் இது வழக்கிலிருந்து விலக்கு மட்டும்தான், தங்கும் உரிமை அல்ல. இதிலும் ஒரு தேதி இருக்கிறது. இலங்கையின் பொருளாதாரம் சரிந்த 2022-ல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்ட சில நூறு பேர் அந்தத் தேதிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். அவர்களில் பலர் பசிக்குத்தான் வந்தார்கள், எல்லோரும் அகதி ஆகமாட்டார்கள் என்று சொன்னால், இருக்கலாம். யார் ஆவார், யார் ஆகமாட்டார் என்று கேட்டுச் சொல்ல ஒரு மேசையும் ஒரு ஆளும் வேண்டும். இப்போதைக்கு அந்த மேசை இல்லை.

புதுச்சேரியில் நாளைக்கு ஒருவருக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், இங்கே உயர் நீதிமன்ற அமர்வு கிடையாது. ஸ்டே வாங்க சென்னைதான் போக வேண்டும், 150 கிலோமீட்டர். முதல் பஸ்ஸைப் பிடித்தால் கோர்ட் தொடங்கும் நேரத்துக்குப் போய்விடலாம், திண்டிவனத்தில் டிராஃபிக் இல்லையென்றால்.